தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி வேண்டாம் என்று முடிவு, வேறு என்ன செய்து கொடுக்கலாம்? 18 வீடு!

மடிப்பாக்கம் மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். எங்கள் அடுக்ககத்தில் எங்களை விட்டுவிட்டு 18 வீடு. வருஷா வருஷம் எல்லோரும் எல்லோருக்கும் கால் கிலோ, அரை கிலோ என்று ஸ்வீட் கொடுக்கிறோம். போன தீபாவளிக்கு மறுநாள் எண்ணினேன், ஃபிரிட்ஜில் 11 பெட்டி. மாமனாருக்கு சுகர் இருபது வருஷமாக. கணவருக்கு இப்போதுதான் எல்லையில் நிற்கிறது, ஜாக்கிரதை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பையன் ஜாங்கிரி தவிர எதையும் தொட மாட்டான். வேலைக்கு வரும் அக்காவிடம் இரண்டு பெட்டி நீட்டினால், "போற வீட்டுல எல்லாம் இதையேதான் குடுக்கறீங்க, என் வீட்லயும் நாலு பேருதாம்மா" என்று சிரிக்கிறார்.

இதில் உச்சம் ஒன்று. நான் இரண்டாம் மாடிக்குக் கொடுத்த பெட்டி, நான் ஒட்டிய அதே ரோஸ் கலர் ஸ்டிக்கரோடு, மூன்றாம் மாடி வழியாக எனக்கே திரும்பி வந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அப்படித் தள்ளிவிட்டவள்தான்.

இந்த வருஷம் வீட்டில் செய்த, இனிப்பில்லாத ஏதாவது கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். முறுக்கு, தட்டை வேண்டாம், அதுவும் எல்லா வீட்டிலும் இருக்கும். வேலைக்குப் போகிறேன், ஒரே ஒரு சனி ஞாயிறுதான் கையில் உண்டு. இரண்டு வீட்டில் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். மாமியார் வேறு, "தீபாவளியும் அதுவுமா இனிப்பு இல்லாம குடுத்தா என்ன நெனப்பாங்க" என்கிறார். யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

கே.கே.நகர் மொட்டைமாடி:

செய்திருக்கிறேன், ஆறு வருஷமாகச் செய்கிறேன். இட்லி மிளகாய்ப்பொடி. ரொம்பச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் யோசித்துப் பாருங்கள்: தீபாவளி அன்று விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எல்லா வீட்டிலும் இட்லியோ தோசையோதான், சட்னி அரைக்க யாருக்கும் பொறுமை இருக்காது. முந்தின நாள் சாயந்திரம் உங்கள் பொடி போய்ச் சேர்ந்தால் மறுநாள் காலையிலேயே பாட்டிலைத் திறந்துவிடுவார்கள். இன்னொரு வீட்டுக்குக் கைமாறவே மாறாது.

18 வீட்டுக்கு ஆளுக்கு 100 கிராம் என்று என் கணக்கு: வெள்ளை உளுந்து 1 கிலோ, கடலைப்பருப்பு அரை கிலோ, கறுப்பு எள் 200 கிராம், நீட்டு மிளகாய் 100 கிராம், நிறத்துக்கும் வாசனைக்கும் குண்டு மிளகாய் 50 கிராம், கல் உப்பு 100 கிராமுக்குக் கொஞ்சம் கீழே, கட்டிப் பெருங்காயம் ஒரு எலுமிச்சை அளவில் பாதி. வறுத்ததில் எடை கொஞ்சம் குறையும், மிக்ஸியில் ஒட்டிக்கொள்வதும் போக சரியாக வரும். உளுந்தைத் தனியாக, அடி கனமான வாணலியில், அடுப்பை ஏற்றாமல் நிதானமாக வறுக்க வேண்டும், நான்கு தவணையாகவாவது. இதில் அவசரப்பட்டால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருக்கும், பல்லில் ஒட்டும். எள்ளைக் கடைசியில் போட்டு, விட்டு விட்டு இரண்டே சுற்று, இல்லையென்றால் எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும். கல் உப்பையும் வெறும் வாணலியில் புரட்டி எடுங்கள், ஐப்பசி மழையில் உப்புதான் முதலில் ஈரம் இழுக்கும்.

மிஷினில் கொடுத்து அரைக்கலாமா என்று கேட்பீர்கள். தீபாவளி சமயத்தில் உங்களுக்கு முன்னால் யாராவது அதிரசத்துக்கு ஈர அரிசி அரைத்திருப்பார்கள். வேண்டாம். வீட்டு மிக்ஸியே போதும்.

பெரம்பூர் சமையல்கட்டு:

பொடி நல்ல யோசனை. நான் சொல்வது புளிக்காய்ச்சல். தீபாவளி முடிந்து நாலாம் நாள், லீவெல்லாம் தீர்ந்து ஆபீஸ் போகும் காலையில் வடித்த சாதத்தில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கிளறி டப்பாவில் அடைத்துவிடலாம், அன்றைக்கு உங்களை நினைப்பார்கள் பாருங்கள். பழைய புளி கால் கிலோவுக்கு நல்லெண்ணெய் 200 மில்லி, கஞ்சத்தனம் பார்க்காமல். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை சுண்ட விட வேண்டும். வெந்தயமும் தனியாவும் வறுத்துப் பொடித்தது இறக்கும்போது. பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லை, உங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒத்துவரும். வேர்க்கடலையை மட்டும் அதில் போடாதீர்கள், நமுத்துப்போய் யாரோ மென்று துப்பியது மாதிரி ஆகிவிடும். வறுத்துத் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள்.

ஒரு முறை நான் பட்டதையும் சொல்கிறேன். தக்காளித் தொக்கு 15 பாட்டில் செய்தேன். ராத்திரி பத்து மணி, தூக்கம், ஆறட்டும் என்று காத்திருக்காமல் சூட்டோடு மூடிவிட்டேன். மூடியின் உள்பக்கம் வேர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டி, ஐந்தாம் நாள் என் நாத்தனார் ஃபோன் செய்து "அண்ணி, வெள்ளையா ஏதோ பூத்திருக்கு, அது அப்படித்தானா?" என்றாள். பதினைந்து வீட்டுக்கும் ஃபோன் போட்டு "கொட்டிடுங்க" என்று சொன்ன அந்த நாளை நான் மறக்க மாட்டேன். புளிக்காய்ச்சலானாலும் பொடியானாலும் முழுசாக ஆறிய பிறகுதான் மூடி. பாட்டிலைக் கழுவி வெயிலில் கவிழ்க்க இந்த மாதம் வெயிலுக்கு எங்கே போவது, அதனால் ஓவன் இருந்தால் குறைந்த சூட்டில் கால் மணி நேரம் வையுங்கள், இல்லாவிட்டால் வெறும் தோசைக்கல்லைச் சூடாக்கி அணைத்துவிட்டு அதன் மேல் கவிழ்த்து வையுங்கள். ஈரப் பாட்டிலைச் சூடான கல்லில் வைத்து வெடிக்க விடாதீர்கள், முதலில் துடைத்துவிடுங்கள்.

தரக்கட்டுப்பாடு:

உணவுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன், அதனால் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். பொடிக்குப் பயமில்லை, ஈரம் படாதவரை. புளிக்காய்ச்சலுக்கும் பயமில்லை, புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து காக்கும். ஆனால் பூண்டை எண்ணெயில் போட்டு அழகாக ரிப்பன் கட்டிக் கொடுப்பதாக இப்போது வீடியோக்களில் வருகிறதே, அதை யாரும் செய்ய வேண்டாம். எண்ணெய்க்கு அடியில் காற்று கிடையாது, பூண்டில் புளிப்பு கிடையாது, அறை வெப்பத்தில் வைத்தால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளர அது தோதான இடம். கெட்டுப்போனது வாசனையிலும் தெரியாது. அந்தக் கிருமி பிஎச் (புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே வளராது, நம் ஊறுகாய்களில் புளியும் எலுமிச்சையும் தாராளமாக விழுவது சும்மா ருசிக்கு மட்டும் இல்லை. பூண்டுத் தொக்கு செய்தே ஆக வேண்டும் என்றால் புளியைக் குறைக்காமல் செய்து, ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

பாட்டிலில் செய்த தேதியும் என்னென்ன போட்டீர்கள் என்பதும் எழுதி ஒட்டுங்கள். எள், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், சொன்னால் தப்பாகுமோ என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

திருவல்லிக்கேணி பாட்டி:

மருமகளே, உன் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதம்மா. பண்டிகைக்கு வெறும் காரத்தை நீட்டினால் எனக்கும் மனசு ஒப்பாது. ஆனால் இனிப்புக்கு மைசூர்பாகுதான் வேண்டும் என்று யார் சொன்னது? தீபாவளி லேகியம் கிளறிக் கொடு. காலையில் குளித்ததும் முதலில் வாயில் போடுவது அதுதான், அதைவிட மங்கலமாக என்ன இருக்கிறது? இப்போது எத்தனை வீட்டில் கிளறுகிறார்கள், சொல். கடையில் குட்டி டப்பா வாங்கி சாஸ்திரத்துக்கு ஆளுக்கொரு நகம் அளவு நக்குகிறார்கள்.

சாமான் தேடி அலைய வேண்டாம், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடையில் லேகிய சாமான் என்று கேள். நான் போடுவது தனியா 4 ஸ்பூன், ஓமம் 2, மிளகு 1, சீரகம் 1, விரல் நீளம் சுக்கு, அரிசித்திப்பிலி பத்து, கண்டதிப்பிலி நாலு குச்சி, சித்தரத்தை ஒரு துண்டு. சுக்கையும் சித்தரத்தையையும் தட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, பெரிய கண் வடிகட்டியில் திப்பியைப் பிழிந்து எடுத்துவிடு. ஒரு கப் வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, விழுதோடு சேர்த்துக் கிளறு. நடுநடுவே நெய்யும் நல்லெண்ணெயும். கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, ஆறின பிறகு தேன். சூட்டில் தேன் விடாதே. இரண்டு மடங்காகச் செய்தால் 18 வீட்டுக்கும் சின்னச் சின்னக் கிண்ணமாக வரும், ஒரு ஸ்பூன் ஒரு ஆளுக்கு, அவ்வளவுதானே வேண்டும்.

சைதாப்பேட்டை சந்து:

பாட்டி சொன்னதற்கு மறுப்பில்லை, ஆனால் சுகர்காரர் வீட்டுக்குக் கொடுக்கும்போது "வெல்லம்தான், ஒன்றும் செய்யாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். என் அப்பாவுக்கு ஒருவர் அப்படிச் சொல்லியே கருப்பட்டி அல்வா கால் கிலோ கொடுத்து, அவரும் மருந்து மாதிரி மூன்று வேளை சாப்பிட்டார். அதேபோல பிபி உள்ளவர் வீட்டுக்கு ஊறுகாயைவிடப் பொடி தேவலாம். அதிலும் உப்பு உண்டு, ஆனால் ஊறுகாய் அளவுக்கு இல்லை.

வேளச்சேரி ரெண்டாம் மாடி:

நான் வாங்கியவள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். 2023 தீபாவளி நவம்பர் 12. எதிர்வீட்டு மாமி ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பருப்புப் பொடி கொடுத்தார், துவரம்பருப்பு, கொஞ்சம் பொட்டுக்கடலை, மிளகு, மிளகாய், பெருங்காயம், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் அப்போது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, காஜு கத்லி எதிர்பார்த்தேன். மூன்று வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, பால் இல்லை, காய்கறி இல்லை, ஃபிரிட்ஜில் இருந்ததெல்லாம் வீண். கேஸும் அரிசியும் இருந்தது. மூன்று நாளும் சுடுசாதம், நல்லெண்ணெய், அந்தப் பருப்புப் பொடி. கீழ்வீட்டுக் குழந்தைகள் இரண்டும் எங்களோடுதான் தங்கின, நான்கு வயசுப் பெண் இன்னும் அதை "மழைப் பொடி" என்றுதான் கேட்கிறாள். மாமி இப்போது பெங்களூரில் மகனோடு இருக்கிறார், பாட்டில் என்னிடம்தான் இருக்கிறது.

அதனால் காரம் குறைவான பொடியாக ஒன்றும் யோசியுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு.

மடிப்பாக்கம் மருமகள்:

மழைப் பொடி என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த டிசம்பரில் நாங்களும் இங்கே மொட்டைமாடியில் நின்று ஹெலிகாப்டரைப் பார்த்தவர்கள்தான்.

முடிவு சொல்லிவிடுகிறேன். குழந்தை இருக்கும் 7 வீட்டுக்குப் பருப்புப் பொடி, மீதி 11 வீட்டுக்கு மிளகாய்ப்பொடி. புளிக்காய்ச்சல் ஒரு சனி ஞாயிறில் சேர்த்து முடியாது, அது பொங்கலுக்கு. மாமியாரிடம் லேகியம் என்ற வார்த்தையைச் சொன்னதும் முகமே மாறிவிட்டது, "நான் கிளர்றேன், நீ பாத்திரம் மட்டும் கழுவு" என்கிறார், கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவருக்கு லேகியம் கிளறத் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. மாமனார் வீட்டில் இருப்பதால் சைதாப்பேட்டைக்காரர் சொன்னதை ஸ்டிக்கரிலேயே எழுதிவிடுவேன், "வெல்லம் உண்டு" என்று.

பிளாஸ்டிக் கவர் வேண்டாம், கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை வருகிற இயந்திரம் வைத்தார்களே, அதேபோல மஞ்சப்பையில் போட்டுக் கொடுக்கப்போகிறேன், தாம்பூலப் பை மாதிரி இருக்கும். ஒரே சந்தேகம்: கே.கே.நகர், உளுந்தை வெள்ளிக்கிழமை ராத்திரியே வறுத்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை அரைத்தால் நமுத்துவிடுமா?

கே.கே.நகர் மொட்டைமாடி:

ஆறினதும் எவர்சில்வர் தூக்கில் இறுக்கி மூடிவிட்டால் நமுக்காது. அரைப்பதற்கு முன் வாணலியில் ஒரு நிமிஷம் சூடு காட்டி, திரும்ப ஆறவைத்து அரையுங்கள். குண்டு மிளகாயை இன்றைக்கே வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் நல்லதாகக் கிடைக்காது.