பாதி தயாரான இ-இன்வாய்ஸ் வகுப்பு: இப்போதே திருத்தவா, முடித்துவிட்டுத் திருத்தவா?

செந்தூல் வாத்தியார்:
வணக்கம். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்காகத் தமிழில் இ-இன்வாய்ஸ் (மலேசிய வரி வாரியத்துக்கு ஆன்லைனில் அனுப்ப வேண்டிய மின் பில்) பற்றி ஓர் ஆன்லைன் வகுப்பு தயாரிக்கிறேன். பாதிக்கு மேல் பதிவு முடிந்தது. ஆரம்பித்தபோது ஆண்டு விற்பனை 5 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழ் என்றால் இ-இன்வாய்ஸ் போடுவதிலிருந்து விலக்கு, 2025 டிசம்பரில் அதை 10 லட்சமாக்கிவிட்டார்கள். முதல் பாடம் முழுக்கப் பழைய கணக்கில் நிற்கிறது. அதோடு, திரும்பப் பார்க்கும்போது மற்ற பாடங்களையும் இன்னும் நன்றாகச் சொல்லலாமே என்று மனசு அரிக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்தித் திருத்தவா, மீதியை முடித்துவிட்டு வரவா?

பிறை கணக்கர்:
நிறுத்தாதீர்கள் சார். வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் பில் ஏற்றுவது, வரி வாரியம் அதைச் சரிபார்ப்பது, 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்வது, சில்லறை விற்பனையை மாதம் முடிந்து 7 நாளுக்குள் ஒரே பில்லாக அனுப்புவது, இதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பாடங்களைத் தொடவே வேண்டாம். விலக்கு வரம்பும் தேதியும் வீடியோவில் வரக்கூடாது, கீழே எழுத்தில் போடுங்கள். 2025-இல் மட்டும் அந்த வரம்பு ஒன்றரை லட்சத்திலிருந்து 5 லட்சம், அப்புறம் 10 லட்சம் என்று ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மைக்கை எடுத்துக்கொண்டு உட்கார முடியுமா?

ஜார்ஜ்டவுன் அக்கா:
தம்பி, எண்ணைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் வகுப்புக்கு வரும் ஆளே மாறிவிட்டாரே. எங்கள் ஊர் லெபோ பசாரில் வருஷத்துக்கு 7 லட்சம் வியாபாரம் செய்கிற மளிகைக் கடைக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள், பழைய வரம்பின்படி 2026 ஜூலை 1-இல் தொடங்க வேண்டியிருந்தவர், இப்போது அவர் இ-இன்வாய்ஸ் போடவே வேண்டியதில்லை. ஆனால் அவருக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி, தன் இ-இன்வாய்ஸில் போட இவருடைய டின் நம்பரை (வரி அடையாள எண்) கேட்பார், எதற்கு என்று தெரியாமல் இவர் பயந்து போவார். வாங்குகிறவராக அவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பாடம் வேண்டும், வாத்தியார். அதையும் முதல் பாடத்தையும் இப்போதே செய்துவிடுங்கள், அடுத்த பாடங்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கப் போகின்றன. 'இன்னும் நன்றாகச் சொல்லலாம்' என்கிற திருத்தத்துக்கு மட்டும் அவசரமே இல்லை, ரெண்டு கடைக்காரர்கள் பார்த்து எங்கே முழிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு கை வையுங்கள்.

செந்தூல் வாத்தியார்:
நன்றி அக்கா. அப்படியென்றால் முதல் பாடத்தை மறுபடி எடுத்து, டின் நம்பர் பாடத்தை இரண்டாவதாக வைக்கிறேன். மற்றவை இருக்கட்டும்.

பிறை கணக்கர்:
அது நல்லது. முதல் பாடத்தின் எழுத்தைப் பதிவுக்கு முன்னால் அனுப்புங்கள் சார். பெரிய கம்பெனி பங்கு வைத்திருந்தால் சின்ன நிறுவனத்துக்கும் விலக்கு கிடைக்காத நிலை உண்டு, அந்த வரியைச் சேர்த்துத் தருகிறேன்.