ஸ்காட்லாந்துப் பூட்டன்: ஆன்லைன் வம்சாவளியை நம்பலாமா?

நாகூர்வாசி:
என் பூட்டன் நாகப்பட்டினம் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ஸ்காட்லாந்துக்காரர், குடும்பப் பெயர் மெக்டொனால்ட். 1868-இல் இங்கேயே கல்யாணம். அவர் 1842-இல் இன்வர்னஸில் பிறந்தார் என்று ஆன்லைனில் 14 வம்சாவளிகள் சொல்கின்றன. ஒன்று கிளான் (குலம்) தலைவர் வரை போகிறது. ஆதாரம் எதிலும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

மாயவரம்:
ஒருவர் போட்டதை மற்ற 13 பேர் காப்பி அடித்திருப்பார்கள். ஒரே எழுத்துப்பிழை எல்லாவற்றிலும் இருக்கிறதா பாருங்கள். தாய்ப்பத்திரம் பார்க்காமல் நிலம் வாங்குவோமா?

நாகையிலிருந்து பின்னால் போங்கள். மதராஸ் மாகாண சர்ச்சுகளின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. ஃபிபிஸ் (FIBIS, பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான சங்கம்) தளத்தில் இன்டெக்ஸை இலவசமாகத் தேடலாம். கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை வயது, வேலை, தகப்பனார் பெயர் பாருங்கள். தகப்பனார் பெயர்தான் பிடி.

கும்பகோணம் டிகிரி காபி:
அது கையில் வந்தபிறகு ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் (ScotlandsPeople) என்ற ஸ்காட்லாந்து அரசுப் பதிவுகளின் தளம். அரசுப் பதிவு அங்கே 1855 ஜனவரி 1-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பாரிஷ் (ஊர் சர்ச்) பதிவேடுதான், அதில் ஓட்டை ஏராளம். பதியாமலே விட்ட பிள்ளைகள் உண்டு. 1843-இல் சர்ச் பிளந்து ஃப்ரீ சர்ச் பக்கம் போனவர்கள் உண்டு. அதனால் ஒரே ஒரு பையன் கிடைத்தான் என்பதற்காக அவன்தான் உங்கள் ஆள் என்று ஆகாது.

அந்த இன்வர்னஸ் பையனை 1851, 1861, 1871 சென்சஸில் துரத்துங்கள். 1871-இல் அங்கேயே பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தால் கதை முடிந்தது. அவன் பெற்றோரைத் தேடும்போது 1841 சென்சஸ் வயதை அப்படியே எடுக்காதீர்கள்: 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 39 வயதுக்காரர் 35 ஆவார். ஸ்கூலில் சேர்க்க ஜூன் மாதத்தில் பிறந்தநாள் போட்ட நம்மூர்க் கதைதான்!

பெற்றோர் 1855-க்குப் பிறகு செத்திருந்தால் இறப்புப் பதிவையும் எடுங்கள். இறந்தவரின் அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் அதில் வரும். இங்கிலாந்துப் பதிவில் இந்த வசதி கிடையாது.

பொறையார்:
மெக் (Mc), மேக் (Mac) இரண்டு ஸ்பெல்லிங்கிலும் தேடுங்கள். மூத்தவனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் வைப்பது அங்கேயும் வழக்கம். துப்பாக வைத்துக்கொள்ளலாம், ஆதாரம் ஆகாது. கிளான் தலைவரை விட்டுவிடுங்கள். அவர் நிலத்தில் குடியிருந்தவர்களும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள்.

நாகூர்வாசி:
கல்யாணப் பதிவு கிடைத்தது. வயது 31, தகப்பனார் பெயர் அலெக்ஸாண்டர்.

மாயவரம்:
அப்படியானால் பிறப்பு 1837 வாக்கில். அந்த 14 வம்சாவளிகளிலும் தகப்பனார் யார்?

நாகூர்வாசி:
டொனால்ட்.