காந்த வாலில் புரோத்தனின் சக்தி ஏறவில்லை, எங்கே பிழை?

கல்முனை_அலை:
சேர்மாரே, பூமியின் காந்த வாலில் (சூரியக் காற்று இரவுப் பக்கம் இழுத்து நீட்டிய காந்தப்புலத்தில்) புரோத்தன் எப்படி ஆர்முடுகுகிறது என்று பைதனில் எழுதியிருக்கிறேன். காந்தப்புலம் நடுத்தாளுக்கு (எதிரெதிர்ப் புலங்களைப் பிரிக்கும் மெல்லிய மின்னோட்டப் படலத்துக்கு) மேலும் கீழும் 20 நனோதெஸ்லா, அதற்குச் செங்குத்தான கூறு 2 நனோதெஸ்லா, வாலுக்குக் குறுக்கே மின்புலம் மீற்றருக்கு 0.2 மில்லிவோல்ற்று. நடுத்தாளில் ஓய்வில் விட்ட புரோத்தன் 0.2 கிலோ இலத்திரன்வோல்ற்றைத் தாண்டுதில்லை. செய்மதிகளோ நூற்றுக்கணக்கில் அளக்கின்றன. காந்தப்புலத்தை நேரத்தோடு கூட்டியும் பார்த்தேன், மாற்றமில்லை.

வந்தாறுமூலை_பௌதிகம்:
தம்பி, 0.2 சரியான விடைதான். காந்த விசை சக்தியைக் கூட்டாது; செங்குத்துக் கூறு புரோத்தனைத் திருப்பிவிடும், அவ்வளவே. உச்ச வேகம், மின்புலத்தை அந்தக் கூறால் வகுத்து வருவதன் இருமடங்கு: உங்கள் எண்களுக்குச் செக்கனுக்கு 200 கிலோமீற்றர். கூறை 0.2 ஆக்கினால் 2000, அதாவது கிட்டத்தட்ட 21 கிலோ இலத்திரன்வோல்ற்று. வாலின் முழு அகலத்தையும், பூமியின் 40 ஆரையை, கடந்தாலும் 50தான்.

மிச்சம் புலம் மாறும்போதுதான் வரும். சூரியக் காற்றின் சக்தி வாலில் சேரச் சேர நடுத்தாள் மெலிந்து, 20–30 ஆரை தூரத்தில் புலக்கோடுகள் அறுந்து மீள இணையும். மழைக்குப் பெருத்த வாவிக்கு ஆற்றுவாய் வெட்டிவிட்ட மாதிரி. இழுபட்ட கோடுகள் பூமிப்பக்கம் சுருங்கும்போது தூண்டல் மின்புலம் மீற்றருக்குப் பல மில்லிவோல்ற்றாகும். 2008 பெப்ரவரி 26இல் தெமிஸ் செய்மதிகள் பதிந்த வரிசையும் இதுவே: முதலில் மீளிணைவு, பிறகு துருவ ஒளி.

சம்மாந்துறை_கணிப்பு:
நிரலில் பிழை இதுதான்: காந்தப்புலத்தை மாற்றிவிட்டு மின்புலத்தை அப்படியே விட்டிருக்கிறீங்க. மாறும் காந்தப்புலம் மின்புலத்தைத் தூண்டும் என்ற ஃபரடே விதி உடைந்துபோகும், சக்தி ஏறாது. காவி அழுத்தத்தை (vector potential) எழுதி, இரண்டு புலங்களையும் அதிலிருந்தே எடுங்க. துணிக்கையைப் படிப்படியாக ஓட்ட போரிஸ் முறை (Boris). வழக்கமான ரங்கே-குட்டா (Runge-Kutta) முறையில் சக்தி மெல்ல வழுவும். சோதிக்க மின்புலத்தைப் பூச்சியமாக்கி, நிலையான காந்தப்புலத்தில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்க. சக்தி அசையக்கூடாது.

கல்முனை_அலை:
விளங்குது. 5 நனோதெஸ்லா 20 ஆனால் சக்தி 4 மடங்கு என்று நேரடியாகப் போடலாமா?

சம்மாந்துறை_கணிப்பு:
இலத்திரனுக்குப் போடலாம், அதுவும் புலத்துக்குச் செங்குத்தான பங்குக்கு மட்டும். 5 நனோதெஸ்லாவில் அதன் சுற்று 7 மில்லிசெக்கன், புரோத்தனுக்கு 13 செக்கன். புலம் சில செக்கனிலேயே தாவிவிடும். புரோத்தன் ஒரு சுற்றுக்கூட முடித்திருக்காது. அதுக்கு முழுப் பாதையையும் ஓட்டத்தான் வேணும், 0.05 செக்கன் படி போதும்.