கல்யாணமான புதிதில் படுக்கையில் பதற்றம்: சிபிடி சிகிச்சைக்குப் போனவர்கள் இருக்கிறீர்களா?

ஈசூன்காரன்:
வயது 31, சிங்கப்பூரில் இருக்கிறேன். போன வருஷக் கடைசியில் கல்யாணம். தனியாக இருக்கும்போதும் காலையில் எழும்போதும் ஒரு குறையும் இல்லை. மனைவி பக்கத்தில் வந்தால் விறைப்பு பாதியிலேயே போய்விடுகிறது. அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுவே இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சரி என்றார்கள். சிபிடி (அறிவுசார் நடத்தை சிகிச்சை) என்ற பேச்சு சிகிச்சைக்குக் கடிதம் தரவா என்று டாக்டர் கேட்கிறார். பேசினால் இது சரியாகுமா? கேலாங் வட்டாரத்தில் டாக்டர் சீட்டு இல்லாமலே ஆண்மை மாத்திரை கிடைக்கும் என்கிறான் நண்பன்.

தெம்பனிஸ் அண்ணன்:
தம்பி, கடிதத்தை வாங்கிவிடுங்கள். காலையில் விறைப்பு இருந்தால் நரம்பும் ரத்த ஓட்டமும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பயத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறினால் ரத்தக்குழாய் சுருங்கும். விறைப்புக்கு அது தளர வேண்டும்.

நானும் மனைவியும் இதே சிகிச்சைக்குப் போனோம். "அந்த நேரத்தில் உங்கள் கவனம் எங்கே இருக்கிறது?" என்று ஆலோசகர் கேட்டார். மனைவி மேல் இல்லை. இருக்கிறதா, போய்விட்டதா என்று என்னையே வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்கப் போய்விடும்.

மனதில் ஓடுவதை நோட்டில் எழுதி, பக்கத்தில் அதற்கு ஆதாரம் எழுதச் சொன்னார். "அவளுக்கு என் மேல் வெறுப்பு வந்துவிடும்" என்று எழுதினேன். ஆதாரம் தேடினால், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து நான் வரும்வரை அவள் சாப்பிடாமல் காத்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது. அதையே எழுதினேன்.

அப்புறம் சில வாரம் உடலுறவே கூடாது என்று தடை. மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-ல் எழுதிய முறை. முதலில் முதுகு, கை, தலைமுடி மட்டும். மார்பு, பிறப்புறுப்பு பக்கம் போகக் கூடாது. தொடுவது எப்படி இருக்கிறது என்று மட்டும் கவனிக்க வேண்டும். மற்றவை படிப்படியாகத்தான். இன்றைக்கு எதையும் நிரூபிக்க வேண்டாம் என்று தெரிந்ததும் உடம்பு இளகியது. எங்களுக்குச் சிரமமே வீடுதான். மூவறை வீடு, அடுத்த அறையில் அம்மா. அவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் நேரத்தை ஒதுக்கிக்கொண்டோம்.

உட்லண்ட்ஸ் தாதி:
கேலாங் மாத்திரை வேண்டவே வேண்டாம். 2008-ன் முதல் 5 மாதங்களில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கி நம் அரசாங்க மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது. டாக்டர் எழுதித் தரும் விறைப்பு மாத்திரை வேறு. இந்தச் சிகிச்சையோடு சேர்த்தே தருவதும் உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு அதுவும் ஆகாது.

ஈசூன்காரன்:
நன்றி அண்ணே, நன்றி அக்கா. மனைவியும் வர வேண்டுமா? வெட்கப்படுவாள்.

தெம்பனிஸ் அண்ணன்:
முதல் தடவை தனியாகப் போங்கள். தொடுதல் பயிற்சிக்கு அவர் கட்டாயம் வேண்டும். அதற்கு முன், "இது உன்னால் இல்லை" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தன் மேல் ஆசை இல்லையோ என்று என் மனைவி தனியாக அழுதிருக்கிறாள். எனக்கு அது சிகிச்சை அறையில்தான் தெரிந்தது. குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால், பலதுறை மருந்தகக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள், சலுகைக் கட்டணம் கிடைக்கும்.