இடுப்பு எலும்பு முறிவு: அறுவைக்கு முன்பே நெர்வ் பிளாக் எதற்கு?

கேள்வி:
என் அம்மாவுக்கு வயது 78, எடை 45 கிலோ. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. அறுவை நாளைதான். படுக்கை விரிப்பை மாற்றுவதற்காக லேசாகப் புரட்டினாலே அலறுகிறார். தொடையிடுக்கில் நெர்வ் பிளாக் (நரம்புக்கு அருகே மரப்பு மருந்து செலுத்தி வலியைத் தடுப்பது) போடலாம் என்கிறார் மயக்க மருத்துவர். நாளை எப்படியும் முதுகில் ஊசி போடப் போகிறார்களே, பிறகு இது எதற்கு? ரத்தம் உறையாமல் இருக்க அம்மா குளோபிடோக்ரல் மாத்திரை வேறு சாப்பிடுகிறார். கால் நிரந்தரமாக மரத்துவிடுமோ என்றும் அச்சமாக இருக்கிறது.

பதில் 1 (மயக்க மருத்துவர்):
முதுகு ஊசி அறுவைக்கானது. இது அதுவரை உள்ள வலிக்கானது. ஃபேசியா இலியாக்கா பிளாக் என்ற இந்த முறையில், அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, தொடை நரம்பு செல்லும் உறைக்கு அடியில் மருந்தைப் பரவவிடுவோம். இடுப்பு மூட்டுக்கு வேறு நரம்புகளும் செல்வதால் வலி முழுவதும் போகாது. ஆனாலும் புரட்டிப் படுக்கவைக்கவும் பெட்பேன் வைக்கவும் முடியும். நாளை முதுகு ஊசிக்காக அவரை உட்காரவைக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். மார்ஃபின் வகை மருந்துகளும் குறைவாகவே தேவைப்படும்; முதியவர்களுக்கு அவற்றால் வரும் வாந்தியும் மனக்குழப்பமும் லேசான தொல்லைகள் அல்ல.

மருந்து பரவ வேண்டும் என்பதால் 30 மில்லி அளவில் செலுத்துவது வழக்கம். பியூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தை கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்ற வரம்பில் கணக்கிட்டால் உங்கள் அம்மாவுக்கு 90 மில்லிகிராம் வரை போகலாம், 0.25 சதவீதக் கரைசலில் 30 மில்லி என்பது 75 மில்லிகிராம்தான். அளவு மீறியோ தவறுதலாக ரத்தக் குழாய்க்குள்ளோ போனால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரக்கூடும். அதற்கு முறிமருந்தான 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கைவசம் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

ஊசி தமனியிலிருந்தும் நரம்பிலிருந்தும் தள்ளியே இறங்குவதால் நிரந்தர மரப்பு மிக அரிது. ரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடிக்கக்கூடிய இடம் அது. குளோபிடோக்ரல் பிரச்சினை உண்மையில் முதுகு ஊசிக்குத்தான். அம்மா அதைச் சாப்பிடுவதை உங்கள் மயக்க மருத்துவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
மணிக்கட்டு முறிவுக்கு அக்குளில் பிளாக் போட்டுக்கொண்டவன் நான். மாலை முழுவதும் என் கை வேறு யாருடையதோ போலக் கிடந்தது. வலியே இல்லை என்று மாத்திரையைத் தள்ளிவைத்தேன். நள்ளிரவுக்குப் பின் மரப்பு சட்டென்று விட்டபோது வந்த வலிக்கு மாத்திரை எட்டவேயில்லை. மரப்பு இருக்கும்போதே பாராசிட்டமால் தொடங்கிவிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், நான்தான் கேட்கவில்லை.

பதில் 3 (செவிலியர்):
காலை அசைக்காமல் குதிகால் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் புண்ணாகிவிடும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தொங்கவிடுங்கள். அறுவைக்குப் பின் நடக்கவைக்கும்போது, தொடைத் தசையில் பலம் திரும்பியதா என்று பார்க்காமல் நிற்கவைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மாலை 5 மணிக்குப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் அம்மா தானாகவே தண்ணீர் கேட்டார். விடியற்காலையில் மருந்து தீர்ந்துவிட்டால் மீண்டும் போடலாமா?

பதில் 1:
போடலாம், முதலில் செலுத்திய அளவையும் நேரத்தையும் கணக்கில் கொண்டுதான் முடிவு செய்வார்கள். கேஸ் ஷீட்டில் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.