உதவி: ஒப்பந்தம் தானாகவே நீண்டுவிட்டதாம், விலையும் 14% ஏற்றம். அவசரம்

பெட்டி_மேசை:
வணக்கம். அவசரம் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். அட்டைப்பெட்டி தரும் சப்ளையருடன் இருந்த ஒப்பந்தம் போன மாதத்தோடு முடிந்தது. வேறு இருவரிடம் கொட்டேஷன் வாங்கி, ஒருவருக்கு முதல் ஆர்டரும் போட்டாயிற்று. இப்போது பழைய சப்ளையர், ஒப்பந்தம் தானாகவே இன்னும் 12 மாதம் நீண்டுவிட்டது, குறைந்தபட்ச அளவை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். புது இன்வாய்ஸில் 14% கூடுதல் விலை. கையெழுத்துப் போட்ட மேலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லி அக்கவுண்ட்ஸில் நெருக்குகிறார்கள். பணம் கட்டலாமா, நிறுத்தலாமா?

கிடங்கு23:
இதை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது நண்பரே. புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லும் நோட்டீஸுக்கு எத்தனை நாள் காலம்? அதை யாருக்கு, எந்த வழியில் அனுப்பச் சொல்லியிருக்கிறது? குறைந்தபட்ச அளவு கட்டாயமா, வெறும் மதிப்பீடா? முடிந்ததாக நினைத்த தேதிக்குப் பிறகும் அவரிடமிருந்து சரக்கு இறக்கினீர்களா? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மூன்றாம்_ஷிப்ட்:
கையெழுத்தான பிறகு திருத்தம் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? மூல ஒப்பந்தத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு எடுக்க வேண்டாம்.

விலைச்_சூத்திரம்:
எனக்கு இதில் 14%தான் உறுத்துகிறது. காகித விலைக் குறியீடு 14% ஏறியிருக்கும், அதை அப்படியே பெட்டி விலையில் ஏற்றியிருப்பார். அது தவறு. பெட்டியின் விலையில் காகிதம் ஒரு பங்குதான், மீதி மின்சாரம், கூலி, அச்சு, லாபம். காகிதம் 60% என்றால் 14% ஏற்றத்துக்குப் பெட்டி விலை 8.4% மட்டுமே ஏற வேண்டும். விலை மாற்ற ஷரத்தில் மூன்றைத் தேடுங்கள்: எந்தக் குறியீடு, அடிப்படை மாதம் எது, மூலப்பொருளின் பங்கு எத்தனை. மேல் வரம்பும் இருக்கலாம். குறியீடு இறங்கினால் விலையும் இறங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் ஏறும் திசைக்கு மட்டும்தான் வழி வைத்திருப்பார்கள்.

பழைய_கை:
மாதம் ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார். ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். கொள்முதலில் உட்கார்ந்திருப்பவருக்கு நோட்டீஸ் தேதி தெரியவில்லை என்றால் அந்தப் பிரிவே சரியில்லை என்று அர்த்தம். இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர் இல்லை. முன்னுரிமை வரிசை ஷரத்தைப் படியுங்கள். ஒப்பந்தம், இணைப்பு, பர்ச்சேஸ் ஆர்டர் மூன்றும் முரண்பட்டால் எது செல்லும் என்று அதில் இருக்கும்.

பின்பக்க_நிபந்தனை:
உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் உங்கள் நிபந்தனைகள் அச்சாகி இருக்குமே? அவர் தன் ஆர்டர் உறுதிக் கடிதத்தில் தன் நிபந்தனைகளை அச்சிட்டிருப்பார். இரண்டும் மோதினால் எது நிற்கும் என்பதுதான் இங்கே பிரச்சினை. 1980-இல் வியன்னாவில் ஏற்பட்ட ஐ.நா. சரக்கு விற்பனை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவைப் பாருங்கள். ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு விலை, அளவு, டெலிவரி போன்றவற்றை மாற்றினால் அது ஏற்பு ஆகாது, எதிர்முன்மொழிவு ஆகிவிடும்.

கிடங்கு23:
அந்த உடன்படிக்கை பொதுவாக இருவரும் வேறு வேறு நாட்டில் இருந்தால்தான் வரும். அதை அவர் சொல்லவே இல்லையே. கையெழுத்தான மூல ஒப்பந்தம் இருக்கும்போது பின்பக்கத்து அச்சு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதும் சந்தேகம்தான்.

பெட்டி_மேசை:
மன்னிக்கவும், இப்போதுதான் ஃபைல் கிடைத்தது. இருவரும் ஒரே நாடுதான். முடிவதற்கு 60 நாள் முன்பு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், பதிவு அலுவலகத்துக்கு. நாங்கள் 70 நாள் முன்பே அவர்களுடைய விற்பனைப் பிரதிநிதிக்கு மெயில் போட்டிருக்கிறோம்: "வேறு இடங்களிலும் விலை கேட்கப் போகிறோம்" என்று. தேதிக்குப் பிறகு இரண்டு லோடு இறக்கியிருக்கிறோம், ஸ்டாக் இல்லை, வேறு வழி இல்லை. விலை ஷரத்தில் குறியீடு என்று இருக்கிறது, பங்கு எதுவும் இல்லை, "இணைப்பு 3 பார்க்க" என்று மட்டும். இணைப்பு 3 ஃபைலில் இல்லை. டெலிவரி டிஏபி. இன்வாய்ஸில் இறக்குக்கூலி என்று தனி வரி வேறு.

கிடங்கு23:
இப்போது பேசலாம். அந்த மெயிலை நோட்டீஸ் என்று வாதாடுவது கஷ்டம். நோட்டீஸ் என்றால் "இந்த ஒப்பந்தத்தை நாங்கள் புதுப்பிக்கவில்லை" என்ற வாக்கியம் அதில் இருக்க வேண்டும், சொன்ன முகவரிக்குப் போயிருக்க வேண்டும். விலை கேட்கப் போகிறோம் என்பது எண்ணம்தான், முடிவு இல்லை. அதற்கு மேல் இரண்டு லோடு இறக்கியது உங்கள் நடத்தையே புதுப்பித்தலை ஏற்றதாகக் காட்டும். எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைப் பொறுத்து இது மாறும், வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

பணத்தை முழுதாக நிறுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் தவறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். பழைய விலைக்கு உள்ள தொகையைக் கட்டிவிட்டு, மீதியை ஏன் மறுக்கிறீர்கள் என்று ஷரத்து எண்ணோடு கடிதம் எழுதுங்கள், கணக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இன்வாய்ஸை மறுக்க இத்தனை நாள் என்று கெடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதற்குள் அனுப்புங்கள். அப்புறம், அடுத்த வருடத்துக்கான நோட்டீஸை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். சீக்கிரம் தரக்கூடாது என்று தடை எதுவும் பெரும்பாலும் இருக்காது.

துறைமுகம்7:
டிஏபி என்றால் சரக்கு வண்டியிலேயே, இறக்குவதற்குத் தயாராக உங்கள் இடத்துக்கு வந்து சேரும். இறக்குவது வாங்குபவர் பொறுப்பு. சப்ளையரே இறக்கித் தர வேண்டும் என்றால் டிபியு போட்டிருக்க வேண்டும். இன்கோடெர்ம்ஸ் (சரக்கு டெலிவரிக்கான சர்வதேச வணிக விதிகள்) 2020 பதிப்பில் விற்பவர் இறக்கிக் கொடுக்கும் விதி அது ஒன்றுதான். சரக்கு உங்கள் வாசலில் சேர்ந்ததும் உரிமையும் உங்களுக்கு வந்துவிடுகிறது, அதனால் திருப்பி அனுப்பும் பேச்சே கிடையாது.

பழைய_கை:
முதல் பாதி சரி. கடைசி வாக்கியம் முழுத் தவறு. இன்கோடெர்ம்ஸ் டெலிவரி, ஆபத்து, செலவு பற்றி மட்டும் பேசும். உரிமை எப்போது மாறும் என்று அது சொல்வதே இல்லை. இந்த அடிப்படை தெரியாமல் ஏன் பதில் எழுதுகிறீர்கள்?

துறைமுகம்7:
ஆபத்து என்னிடம் வந்துவிட்டது, பொருள் மட்டும் இன்னும் அவருடையதா? நடைமுறையில் இரண்டும் ஒன்றாகத்தான் போகும். 15 வருடம் சரக்கு அனுப்பியிருக்கிறேன்.

பழைய_கை:
முழுப்பணம் வரும்வரை உரிமை விற்பவரிடமே என்று ஒரு வரி போட்டு வைத்திருக்கும் ஒப்பந்தங்கள் எத்தனை வேண்டும்? வழியில் சரக்கு நனைந்தால் யாருக்கு நஷ்டம் என்பது ஒன்று, வாங்கியவர் திவாலானால் கிடங்கில் இருப்பதை யார் எடுத்துப்போகலாம் என்பது வேறு. உங்கள் 15 வருடத்தில் இரண்டாவது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

துறைமுகம்7:
சரி, உரிமையை விடுங்கள். ஆனால் 2010 பதிப்பில் டிஏடி என்று இருந்ததைத்தான் டிபியு ஆக்கினார்கள், பழைய ஒப்பந்தங்களில் எந்த வருடப் பதிப்பு என்று எழுதாமல் விட்டால் அதுவும் சண்டைதான்.

நெறியாளர்:
இன்கோடெர்ம்ஸ் விவாதத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள்.

விலைச்_சூத்திரம்:
டிஏபி என்றால் நாம் நம் ஆளை வைத்து இறக்கியிருப்போம். பிறகு எதற்கு இன்வாய்ஸில் இறக்குக்கூலி? பெட்டி_மேசை, இறக்கியது யார் ஆட்கள்? அவர்களுடைய ஆட்கள் என்றால், யார் சொல்லி இறக்கினார்கள்?

எக்செல்_போதும்:
எல்லோரும் சாஃப்ட்வேர் வாங்கச் சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். ஒரு தாள் போதும். ஒப்பந்தம் முடியும் தேதியைக் குறிக்காதீர்கள், நோட்டீஸ் அனுப்ப வேண்டிய கடைசித் தேதியைக் குறியுங்கள், அதற்கும் 30 நாள் முன்னால் ஒரு நினைவூட்டல். தனி ஆள் பெயருக்கு வைக்காமல் பிரிவின் பொது மெயிலுக்கு வையுங்கள். ஆள் வேலையை விட்டுப் போனாலும் நினைவூட்டல் நின்றுபோகாது.

பழைய_கை:
முந்நூறு ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் உங்கள் தாள் மூன்று மாதத்தில் பழசாகிவிடும்.

எக்செல்_போதும்:
பார்க்க ஆள் இல்லாவிட்டால் சாஃப்ட்வேரும் பழசாகிவிடும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் பொறுப்பாக ஒருவர் பெயர் வேண்டும், எதில் எழுதி வைக்கிறோம் என்பது அப்புறம்.

மூன்றாம்_ஷிப்ட்:
மறுபடி கேட்கிறேன். திருத்தம் ஏதாவது உண்டா? இணைப்பு 3 ஃபைலில் இல்லை என்றால் அதோடு சேர்ந்து வேறு தாளும் போயிருக்கலாம். உங்களிடம் இல்லாவிட்டாலும் சப்ளையரிடம் கையெழுத்துப் பிரதி இருக்கும், எழுத்தில் கேளுங்கள். போன மேலாளரின் பழைய மெயிலிலும் தேடச் சொல்லுங்கள்.

(ஒன்பது நாள் கழித்து)

பெட்டி_மேசை:
எல்லோருக்கும் நன்றி. மேலாளரின் பழைய மெயில்பாக்ஸில் இணைப்பு 3-ம், இரண்டாம் வருடத்துத் திருத்தம் ஒன்றும் கிடைத்தன, இரண்டிலும் இரு தரப்புக் கையெழுத்து. குறைந்தபட்ச அளவை அந்தத் திருத்தம் எடுத்துவிட்டது, இப்போது மதிப்பீடு மட்டும்தான். காகிதத்தின் பங்கு 55%. 7.7% என்று ஒத்துக்கொண்டார்கள், இறக்குக்கூலி வரியை எடுத்துவிட்டார்கள், ஆள் எங்களுடையது. நாலு மாதம் குறைந்த அளவில் வாங்கிவிட்டுப் பிரிவதாகப் பேச்சு, எழுத்தில் வர வேண்டும். ஓடுகிறேன், ஆடிட் வேலை.

மூன்றாம்_ஷிப்ட்:
மகிழ்ச்சி. ஒன்று மட்டும். அந்த மேலாளர் கையெழுத்துப் போட்ட மற்ற ஒப்பந்தங்களின் திருத்தங்களும் அதே மெயில்பாக்ஸில்தான் இருக்கின்றனவா? வேலையை விட்டவர்களின் கணக்கை ஐடியில் எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று கேட்டீர்களா?

மூன்றாம்_ஷிப்ட்:
பெட்டி_மேசை, இருக்கிறீர்களா?