தாய் வெளிநாட்டில், மூத்த மகள் வீட்டுப் பொறுப்பில்: கட்டமைப்புக் குடும்பச் சிகிச்சையை எங்கே தொடங்குவது?

கேள்வி: ஆரையம்பதி மாணவி

வணக்கம். உளவளத்துணை டிப்ளோமா பயிலும் நான், குடும்பச் சிகிச்சையாளர் சல்வடோர் மினுச்சினின் கட்டமைப்புக் குடும்பச் சிகிச்சை பற்றி, அதாவது குடும்பத்துக்குள் யாருக்கு என்ன இடம், என்ன அதிகாரம் என்ற அமைப்பை மாற்றிச் சிக்கலைத் தீர்க்க முயலும் முறை பற்றி, ஓர் ஒப்படை எழுதுகிறேன். அதற்காக ஒரு கற்பனைக் குடும்பத்தை அமைத்திருக்கிறேன். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். தந்தை வாவியில் மீன்பிடிப்பவர். 14 வயது மூத்த மகள் தம்பிமார் இருவரையும் சமையலையும் பார்த்துக்கொள்கிறாள். அதே வளவில் சிறிய வீட்டில் அம்மம்மா இருக்கிறார். மகள் சில மாதங்களாக வயிற்றுவலி என்று பாடசாலைக்குப் போவதில்லை. பரிசோதித்த வைத்தியர் உடலில் நோய் எதுவும் இல்லை என்கிறார். பெண்ணுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக்கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவில் ஒதுங்கி வாழும் எங்கள் மட்டக்களப்பு வழக்கத்தை, இக்கோட்பாடு எல்லை மங்கிய (யார் எதில் தலையிடலாம் என்பது தெளிவில்லாத), பின்னிப் பிணைந்த குடும்பமென்று குறையாகக் கருதுமா?

பதில்: களுவாஞ்சிக்குடி உளவளத்துணையாளர்

கருதாது, தங்கச்சி. யார் யாருடன் வசிக்கிறார்கள் என்பதை வைத்து மினுச்சின் எல்லையை அளக்கவில்லை. ஒரு விடயத்தில் யார் பங்கெடுக்கிறார்கள், எப்படிப் பங்கெடுக்கிறார்கள் என்ற விதிகளையே அவர் எல்லை என்றார். கணவன் மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர் என்று குடும்பத்துக்குள் இருக்கும் சிறு குழுக்களான உபதொகுதிகளில் பெற்றோர் உபதொகுதிக்குள் ஒரு பாட்டியோ, மூத்த பிள்ளையோ இருக்கலாம் என்பதையும், பொறுப்பும் அதிகாரமும் தெளிவாக வகுக்கப்பட்டிருந்தால் அக்குடும்பம் நன்றாக இயங்கும் என்பதையும் 1974இல் வெளியான தம் நூலில் அவரே சொல்லியிருக்கிறார். 1960களில் நியூயோர்க்கின் வில்ட்விக் சிறுவர் பாடசாலையில் மிக வறிய குடும்பங்களுடன் பணியாற்றி வளர்த்தெடுத்த முறை இது என்பதால், பெற்றோரில் ஒருவர் இல்லாத வீட்டையும் பாட்டி வளர்க்கும் பிள்ளையையும் அவர் நேரில் அறிந்தவர்.

ஆகவே அந்தப் பிள்ளை சமைப்பதை மட்டும் சிக்கலாக எழுதிவிடாதீர்கள். தம்பிமாரைப் பார்க்கும் பொறுப்பு அவளிடம் இருக்கிறது; அவர்களை அதட்டும் அதிகாரத்தைப் பெரியவர்கள் யாராவது வெளிப்படையாகக் கொடுத்திருக்கிறார்களா? குவைத்திலிருந்து தாய் ஒவ்வோர் இரவும் வட்ஸ்அப்பில் அழைத்து, வீட்டுச் செலவையும் தந்தையின் நடத்தையையும் மகளிடமே விசாரிக்கிறார் என்றால், தாயும் மகளும் தந்தைக்கு எதிராகத் தலைமுறை தாண்டிய ஒரு கூட்டணியில் நிற்கிறார்கள். பணம் அம்மம்மாவின் கணக்குக்கு வருகிறது என்றால் தந்தை இன்னும் ஓரத்துக்குப் போகிறார். அவரவர் தொழிலையும் வயதையும் எழுதிவிட்டு நிற்காமல், பேச்சும் பணமும் அதிகாரமும் போகும் இந்த வழிகளைக் குடும்ப வரைபடத்தில் வரையுங்கள். தெளிவான எல்லைக்கு இடைவிட்ட கோடு, மங்கிய எல்லைக்குப் புள்ளிக்கோடு, இறுகிய எல்லைக்கு முழுக்கோடு என்பது வழக்கம்.

பதில்: கல்முனையிலிருந்து

மேலே அண்ணா சொன்னதோடு உடன்படுகிறேன். அமர்வில் என்ன செய்வது என்பதையும் ஒப்படையில் காட்டவேண்டும். குடும்பம் தன் சிக்கலைக் கதையாகச் சொல்வதைக் கேட்டிருக்காமல், அதைக் கண்முன்னே நடக்கவைப்பதுதான் இம்முறையின் உயிர். நாளை காலை தம்பிமாரை எழுப்பிப் பாடசாலைக்கு அனுப்புவது யார் என்று தந்தையும் அம்மம்மாவும் அங்கேயே பேசி முடிவெடுக்கட்டும். இரண்டு நிமிடத்துக்குள் மகள் இடையில் பதில் சொல்வாள். அல்லது தந்தை அவள் முகத்தைப் பார்ப்பார். அப்போது, "இது பெரியவர்கள் இருவரும் தீர்க்கவேண்டிய விடயம்" என்று சொல்லி, மகளின் கதிரையைத் தம்பிமாருக்கு அருகில் மாற்றுங்கள். எல்லையை வரைவது அந்த இடமாற்றந்தான். பெரியவர்கள் பேச்சைக் கைவிடப் பார்த்தாலும் விடாமல், முடிவு வரும்வரை அவர்களை அதிலேயே நிறுத்துங்கள்.

பதில்: திருக்கோவிலிலிருந்து

எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. தந்தை கசிப்புக் குடித்து அடிப்பவராக இருந்தால், பெற்றோர் அதிகாரத்தை நிலைநிறுத்துகிறோம் என்று அவரைப் பலப்படுத்துவது பிள்ளையை ஆபத்தில் தள்ளும். குடும்பத்துக்குள் ஆணுக்குப் பெண்ணைவிடக் கூடுதலாக இருக்கும் பலத்தை இம்முறை போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று பெண்ணியச் சிகிச்சையாளர்கள் விமர்சித்திருக்கிறார்கள். அது நியாயமான விமர்சனம். ஆதலால் முதலில் பிள்ளையுடன் தனியாகப் பேசுங்கள். வன்முறை இருந்தால் குடும்ப அமர்வைத் தள்ளிவைத்து, பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் போகவேண்டும். 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்பதால் பாடசாலையையும் சேர்த்துக்கொள்ளலாம். தாயைக் குவைத்துக்கு அனுப்பியது பெரும்பாலும் கடன்தான் என்பதையும் மறக்கவேண்டாம். கதிரையை மாற்றுவதால் கடன் குறையாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தந்தை குடிப்பதில்லை என்றே அமைத்திருந்தேன். இருந்தாலும் தனிச் சந்திப்பைச் சேர்த்துவிடுகிறேன். கதிரையை மாற்றச் சொன்னால் அம்மம்மா கோபித்து எழுந்துபோய்விட மாட்டாரா?

பதில்: களுவாஞ்சிக்குடி உளவளத்துணையாளர்

நீங்கள் முதலில் குடும்பத்தோடு இணையாவிட்டால் நிச்சயம் போவார். மினுச்சின் இணைதலை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தது அதனால்தான். வீட்டில் மூத்தவர் அவர் என்பதால் முதல் பேச்சு அவரோடு இருக்கட்டும். இத்தனை காலம் பிள்ளைகளைக் காத்ததை அவர்கள் முன்னிலையிலேயே மதித்துச் சொல்லுங்கள். அவருடைய பேச்சு வேகத்துக்கும் சொற்களுக்கும் இசைந்து பேசுங்கள். மாற்றத்தைக் கேட்பது அதன் பிறகுதான். அதுவும் தந்தையோடு சேர்ந்து முடிவெடுக்கும்படி அவரிடம் கேட்பதாக இருக்கவேண்டும், அவருடைய இடத்தைப் பறிப்பதாக அல்ல. குவைத்திலுள்ள தாயையும் தொலைபேசியில் அதே அமர்வுக்கு அழைத்து, இனிமேல் வீட்டு விடயங்களை முதலில் கணவரிடம் கேட்கும்படி ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். அவர் மகளோடு பேசும் நேரத்தைக் குறைக்கச் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பேச்சு பாடசாலையையும் தோழிகளையும் பற்றியதாக இருக்கட்டும்.